மெச்னிகாஃப் செருகிய முள்

1882 விசித்திரமான வருஷம். மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று அறிவித்தார். அதே வருஷக் கடைசியில் சிசிலியின் மெஸ்ஸினாவில் இலியா மெச்னிகாஃப், கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அந்நியரை விழுங்கிச் செரிக்கும் காவல்காரர்கள்! இதற்காக 1908ல் நோபல் பரிசு, பால் எர்லிக்குடன் பங்கு.

எனக்கு உறைத்தது வேறு. அவருடைய முதல் மனைவி லுத்மிலாவைக் கல்யாணத்துக்கே நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப் போனார்களாம். காசநோய். 1873ல் இறந்துபோனார். மனுஷர் தற்கொலை வரை போய்த் திரும்பினார்.

அவர் கண்டுபிடித்த காவல்காரர்களைத்தான் இந்தக் கிருமி ஏமாற்றுகிறது. விழுங்கப்பட்ட கிருமி இருக்கும் பையோடு செரிமானப் பை வந்து சேரவேண்டும். செத்த கிருமி என்றால் சேர்ந்துவிடும். உயிருள்ளது சேரவிடாமல் உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. காமர்ஸ் படித்தவனுக்குத் தோன்றும் உவமை: திருடனை ஸ்ட்ராங் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவனிடமே கொடுத்த கதை.

லண்டனில் ஆம்ஸ்ட்ராங்கும் டார்சி ஹார்ட்டும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைக் காட்டியது 1971ல். ஹார்ட், 1948ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலும் இருந்தவர். 2006ல் காலமானபோது அவருக்கு வயது 106.