கடையில் விற்காத வேகம்

துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புச் சில்லு. இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டுக் கால். அதன் முதுகில் அதே போன்ற இன்னொரு சில்லை ஏற்றி, மேலே இருப்பதன் கால்கள் கீழே இருப்பதன் கால்களைத் தொடும்படி வளைத்து, எட்டு இடத்திலும் ஈயம் பற்றவைக்க வேண்டும். காலுக்கும் காலுக்கும் நடுவே முழுசாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடையாது. சாலிடரிங் அயன் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் சில்லு செத்தது. ஈயம் பக்கத்துக் காலுக்கு வழிந்தால், பேட்டரி மாட்டிய மறுகணம் புகை. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேலைக்குப் போய்த் திரும்பிய பெரியவர்கள், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். எதற்கு? கையடக்கமான ஒரு ரிமோட் கார் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட.

அந்தக் காரின் பெயர் மினி-இசட். ஜப்பானியர் அதை 'மினிட்ஸ்' என்பார்கள். நிஜக் காரில் 28ல் ஒரு பங்கு நீளம். டிவி ரிமோட்டில் போடும் சன்னமான செல் நாலு போட்டால் ஓடும். 1963ல் தொடங்கிய கியோஷோ நிறுவனம் 1990களின் கடைசியில் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் சின்ன ரிமோட் கார்கள் இருந்தன. ஆனால் அவற்றில் ஸ்டியரிங் என்றால் முழு இடது, முழு வலது, நேர் என்று மூன்றே நிலை. மினி-இசட்டில் கைப்பிடிச் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவுதான் சக்கரமும் திரும்பும். பொம்மைக்கும் பந்தயக் காருக்கும் நடுவில் இருந்த வேலி அங்கேதான் விழுந்தது.

மேலே சொன்ன சில்லின் பெயர் ஃபெட். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைத் திறந்து மூடும் குழாய்த் திருகு என்று வைத்துக்கொள்ளலாம். காரோடு வரும் மோட்டாருக்கு அது தாராளமாகப் போதும். அந்த மோட்டார் யாருக்குப் போதும் என்பதுதான் கேள்வி. வேகமான மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஃபெட் சூடேறிக் கருகும். இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பற்றவைத்தால் கரன்ட் இரண்டாகப் பிரிந்து போகும். சூடு, கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொரு சில்லிலும் அது பாதியாக அல்ல, காலாகக் குறையும். பள்ளிக்கூட இயற்பியல்தான். 'இரண்டுக்கு இரண்டு', 'மூன்றுக்கு மூன்று' என்று மாடிக் கணக்கில் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அடுக்கைக் கட்டித் தரவே ஆட்கள் கிளம்பினார்கள். வேகமான மோட்டாரும் அலுமினியப் பாகங்களும் செய்து விற்கவென்றே சிறு நிறுவனங்கள் முளைத்தன.

ரிமோட் கார்களின் வரலாறு முழுக்க இதே கூத்துதான். நிறுவனம் காரை விற்கும். வாங்கியவர் அதில் குறை கண்டு வீட்டில் வைத்துத் திருத்துவார். கொஞ்ச காலம் போனால் அந்தத் திருத்தமே பாக்கெட்டில் அடைபட்டு, பெயரும் விலையும் ஒட்டிக்கொண்டு, அதே கடையில் ஆணியில் தொங்கும்.

கடைக்கு வந்த முதல் ரிமோட் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1966ல் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் செய்த ஃபெராரி 250 எல்எம். நிஜத்தில் 12ல் ஒரு பங்கு. ஆனால் இந்தப் பொழுதுபோக்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஊர் ஜப்பானின் ஷிசுவோகா. மரத்தச்சுக்குப் பேர்போன ஊர் அது. 1946ல் யோஷியோ தமியா அங்கே ஒரு மர அறுவை மில் தொடங்கினார். சில ஆண்டுகளில் மர மாதிரிகள் செய்யத் திரும்பினார். பிறகு காலம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. மகன் ஷுன்சாகு தமியா, மாதிரி துல்லியமாக வர வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர். அந்த உழைப்பில் பிறந்த போர்ஷே 934இன் உடம்புக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்து 1976 டிசம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். தமியாவின் முதல் ரிமோட் கார் அதுதான்.

திருத்தும் ஆசை சின்னப் பையன்கள் வரை இறங்கியது 1984க்குப் பிறகு. அந்த ஆண்டு தமியா கிராஸ்ஹாப்பர் என்று ஒரு பக்கி (கரடுமுரடான தரையில் ஓடும்) காரை விட்டது. முதல்முறை வாங்குபவருக்கான மலிவான, முரட்டுத்தனமான வண்டி. பெட்டிக்குள் இருந்தது 380 வகை மோட்டார். அதே குடும்பத்து அண்ணன் ஹார்னெட்டுக்கோ 540. இந்த எண்கள் ஜப்பானின் மபுச்சி மோட்டார் நிறுவனம் அளவுக்கு வைத்த பெயர்கள்: 380இன் குறுக்களவு சுமார் 28 மில்லிமீட்டர், 540க்கு சுமார் 36. கிராஸ்ஹாப்பரின் கியர் பெட்டி 540ஐயும் ஏற்றுக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. உலகமெங்கும் எத்தனையோ பையன்கள் தங்கள் வாழ்க்கையில் முதன்முதலாகச் செய்த 'இன்ஜின் மாற்றம்' இதுதான்.

மாற்றியதும் அடுத்த தலைவலி. அந்தக் கால ரிமோட் காரில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது எலெக்ட்ரானிக் அல்ல, கம்பிதான். ஒரு சின்ன சர்வோ மோட்டார், உலோக நாக்கு ஒன்றைத் தகடுகளின் மேல் இழுக்கும். மெதுவாகப் போக வேண்டுமானால் கரன்ட் ஒரு பீங்கான் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போகும். மிச்சப்படும் மின்சாரம் முழுக்க அங்கே வெப்பமாகிவிடும். நாலு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு அதைத் தொட்டவன் மறுபடி தொடமாட்டான். பெரிய மோட்டார் போட்டால் ரெசிஸ்டர் இன்னும் கொதிக்கும், தகடுகளில் தீப்பொறி பறந்து கரி பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஓட்டினார்கள். பிறகு எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோல் வந்தது.

சக்கர அச்சுகளைத் தாங்கிய பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றிவிட்டு பால் பேரிங் போடுவது அடுத்த படி. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. விரலால் சக்கரத்தைச் சுண்டினால் மட்டும் வித்தியாசம் புரியும். புஷ் போட்டது உடனே நின்றுவிடும், பேரிங் போட்டது சுற்றிக்கொண்டே இருக்கும். கனமான பிளாஸ்டிக் உடம்புக்குப் பதில் தாள் மாதிரி மெல்லிய பாலிகார்பனேட் கூடு போட்டவர்களும் உண்டு. அதற்குப் பெயின்ட் அடிப்பது உள்பக்கமாக. கதவின் கோடு முதலில், பின்னணி நிறம் கடைசியில் என்று எல்லாவற்றையும் தலைகீழாக யோசிக்க வேண்டும். தமியா இவற்றையெல்லாம் கவனித்துவிட்டு 'ஹாப்-அப் ஆப்ஷன்ஸ்' என்ற பெயரில் தனிப் பாகங்களாக விற்கத் தொடங்கியது. ஹாப்-அப் என்பது வண்டியை முறுக்கேற்றுவதற்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த கொச்சைச் சொல்.

ரிமோட் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு 'மினி யோன்கு' வந்தது. இதில் ரேடியோவே கிடையாது. இரண்டு செல், ஒரு மோட்டார், நாலு சக்கர ஓட்டம், அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டால் நேரே ஓடும். தமியா இதைத் தொடங்கியது 1982ல். 1986ல் தன்னுடைய ஹாட்ஷாட் என்ற ரிமோட் பக்கியையே சுருக்கி ஹாட்ஷாட் ஜூனியர் ஆக்கி 600 யென்னுக்கு விற்றபோதுதான் பித்துப் பிடித்தது. சுவர் வைத்த தடத்தில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் எதற்கு? பக்கவாட்டில் சின்ன உருளைகள் சுவரை உரசித் திருப்பிவிடும். ரேடியோ இல்லாத இதை ரிமோட் கார் கதைக்குள் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். திருத்தும் கலையை அதிகமாகக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் இதுதான் என்பதால். ஓட்டுவதில் திறமை காட்ட வழியே இல்லாத வண்டியில், திறமை முழுவதையும் பட்டறையில்தான் காட்டியாக வேண்டும்.

எடையைக் குறைக்க உடம்பிலும் சேஸியிலும் ஓட்டை ஓட்டையாகக் குடைந்தார்கள். அதற்கு 'நிகுநுகி' என்று பெயர். நேர்ப்பொருள், கறியை நீக்குவது. எலும்பு மட்டும் மிஞ்சும்வரை குடைந்த கார்கள் உண்டு. சுவரில் ஒருமுறை மோதினால் இரண்டாகப் போகும் என்பதும் தெரிந்தே செய்ததுதான். மோட்டாரையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே இருந்தது மபுச்சியின் 130 வகை, சுண்டுவிரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியின் காதை நிமிர்த்திப் பிரித்து, உள்ளே சுழலும் பாகத்தின் மூன்று கையிலும் சுற்றியிருக்கும் கம்பியை அவிழ்த்து, தடித்த கம்பியால் குறைந்த சுற்றாகக் காயில் கட்டினால் வேகம் கூடும். நம்மூர் மோட்டார் கடைக்காரருக்கு இது புதிதல்ல. பையன்கள் அதையே நகக்கண் அளவில் செய்தார்கள். விலை என்னவென்றால், செல் சீக்கிரம் தீர்ந்துவிடும், மோட்டார் கொதிக்கும். தமியா இதற்குச் செய்த வைத்தியம் ரசிக்கத்தக்கது. மோட்டாரைப் பிரித்தால் போட்டியில் சேர்க்கமாட்டோம் என்று விதி போட்டது. ஒன்று முறுக்கு விசைக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று இரண்டுக்கும் என்று ஆயத்த மோட்டார்களைப் பெட்டியில் போட்டு விற்றது. 1988ல் ஜப்பான் கோப்பை என்ற தேசியப் போட்டியும் தொடங்கியது. 'டாஷ்! யோன்குரோ' என்ற மங்கா எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது.

அதே 130 மோட்டார்தான் பின்னாளில் மினி-இசட்டுக்குள்ளும் உட்கார்ந்தது. மினி யோன்குவின் சூடான மோட்டாரை அதில் போட்டுப் பார்க்கும் யோசனை யாருக்கு வராது? ஃபெட்கள் கருகியது அப்படித்தான். துவரம்பருப்பு மாடி எழும்பியதும் அப்படித்தான்.

2001ல் டோமி நிறுவனம் இன்னும் சின்னதாக இறங்கியது. பிட் சார்-ஜி என்ற அந்தக் கார் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரிமோட்டின் மேலேயே வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிடம் ஏற்றினால் சில நிமிடம் ஓடும். ஸ்டியரிங்குக்கு மோட்டார் கிடையாது. ஒரு கம்பிச் சுருளும் காந்தமும்தான், கரன்ட் பாயும் திசைக்கு ஏற்ப 'டக்'கென்று ஒரு பக்கம் இழுக்கும். முந்தின தலைமுறை திருத்தியவர்களிடமிருந்து பாடம் படித்திருந்த நிறுவனம், மாற்று மோட்டாரையும் பல் எண்ணிக்கை வேறுபட்ட கியர்களையும் தொடக்கத்திலிருந்தே தனியாக விற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ரேடியோஷாக் கடைகள் இதே மாதிரியை 'ஜிப்ஜாப்ஸ்' என்ற பெயரில் விற்றன. ஆக, இந்த முறை திருத்தமும் காரோடு சேர்ந்தே கடைக்கு வந்துவிட்டது.

அதனால் யாராவது சும்மா இருந்தார்களா? உள்ளே இருந்த ஒற்றை நிக்கல் செல்லின் அழுத்தம் 1.2 வோல்ட். அதைப் பிடுங்கிவிட்டு 3.7 வோல்ட் லித்தியம் செல்லை வைத்தார்கள். கார் பாய்ந்தது. நேரே சுவரில் போய் மோதியது. மூன்றே நிலை உள்ள ஸ்டியரிங்கோடு அந்த வேகத்தில் என்ன செய்ய முடியும்? சின்னக் கார்களைத் திருத்திய வரலாற்றில் இதைவிடப் பொருளற்ற வேகம் இல்லை. ஆனாலும் அதைச் செய்தவர்கள் முகத்தில் இருந்திருக்கக்கூடிய சிரிப்பை ஊகிக்க முடிகிறது.

வேகத்தைவிட வளைவுதான் முக்கியம் என்று மினி-இசட் பந்தயக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அந்தக் காரின் பின்பாதி, அதாவது மோட்டாரும் பின்சக்கரமும், முன்பாதியோடு டி வடிவத்தில் ஒரு மெல்லிய தகட்டால் இணைந்திருக்கும். அந்தத் தகடு வளைந்து கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். மெல்லியது போட்டால் பின்பக்கம் தரையைக் கவ்வும், தடித்தது போட்டால் கார் விறைப்பாகத் திரும்பும். டயர்களை 20, 30, 40 டிகிரி என்று மென்மைக் கணக்கில் விற்றார்கள். குழந்தைகள் அறையில் விரிக்கும் கோர்ப்புப் பாய் போன்ற ஃபோம் தடத்தில் பிடி அதிகம். அங்கே ரப்பர் தரையை விடாமல் பிடித்துக்கொள்ள, கார் வளைவில் உருண்டு கவிழும். மருந்து என்ன தெரியுமா? ஃபெவிக்விக் மாதிரியான பசை. முன்டயரின் வெளியோரத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவிக் காயவிட்டால் அந்த விளிம்பு வழுக்கும், கார் கவிழாது. தடவும்போது பசை தரை தொடும் பரப்புக்கு வந்துவிட்டால், அந்த டயர் குப்பைத்தொட்டிக்கு.

பிடியே வேண்டாம் என்று சொன்ன கூட்டமும் இருந்தது. பெரிய ரிமோட் கார்களில் டிரிஃப்ட், அதாவது வளைவில் வேண்டுமென்றே சறுக்கவிடும் விளையாட்டு, ஆடிய ஜப்பானியர், டயருக்குப் பதிலாகக் குழாய்க்கடை பிவிசி பைப்பை வளையமாக அறுத்துச் சக்கரத்தில் மாட்டினார்கள். பைப் வளையம் போட்ட கார் தரையில் பனிக்கட்டி போல வழுக்கும். இதுவும் சில ஆண்டுகளில் 'டிரிஃப்ட் டயர்' என்று கடைக்கு வந்துவிட்டது.

இன்றைய மினி-இசட்டில் பிரஷ் இல்லாத மோட்டாரோடு வரும் வகைகள் உண்டு. அவற்றில் ஃபெட் மாடி கட்ட வேண்டியதில்லை. காரைக் கணினியில் செருகி ஸ்டியரிங்கின் குணத்தை மாற்றிக்கொள்ளலாம். ஈயப் புகையை முகர்ந்து பழகியவர்களுக்கு இதில் அவ்வளவு சுவாரசியம் இருக்குமா என்பது சந்தேகம்.

தமியா பழைய கிராஸ்ஹாப்பரை 2000களின் நடுவில் மறுபடி அச்சில் ஏற்றியது. சிறுவயதில் அதை ஓட்டி இப்போது நரை தட்டியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பெட்டிக்குள் பழையபடி 380 மோட்டார்தான் இருந்தது. கியர் பெட்டியில் 540க்கு இடமும் பழையபடியே விட்டிருந்தார்கள்.