கைட் ஆசிரியர் பயிற்சி (கேரளம்)

கேரளத்தின் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினி, புரொஜெக்டர், மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு பாடம் நடத்த அளிக்கப்படும் பயிற்சி. இதை நடத்தும் ‘கைட்’, மாநிலப் பொதுக்கல்வித் துறையைச் சார்ந்த அரசு நிறுவனம்.

தோற்றம்

விண்வெளி அறிவியலாளர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பட்டது. 2005இல் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸை அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். 2017இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாக மாறியது. அதன்பின் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில், சுமார் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வழங்கப்பட்டன.

பயிற்சி முறை

பயிற்சி தருவோரும் ஆசிரியர்களே. பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் மாஸ்டர் டிரெயினர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுத்தருகின்றனர். வகுப்பில் எழும் சிக்கல்களை நேரில் அறிந்தவர்கள் என்பதால், இவர்கள் சொல்வது பாடத்தோடு ஒட்டி வருகிறது. கருவியை இயக்கக் கற்பிப்பதோடு நிற்காமல், எந்தப் பாடத்தில் எதற்காக அதைப் பயன்படுத்துவது என்பதையும் பயிற்சி கவனிக்கிறது. லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களே பயன்படுத்தப்படுவதால் உரிமக் கட்டணம் இல்லை. ஆசிரியர் அவற்றைத் தம் வீட்டுக் கணினியிலும் நிறுவிப் பழகலாம்.

வகுப்பறைப் பயன்பாடு

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. திரையில் உள்ள முக்கோணத்தின் ஓர் உச்சியை மவுஸால் இழுத்தால் பக்கங்கள் நீளும், குறுகும், கோணங்கள் மாறும், அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே இருக்கும். இதை ஆசிரியரே இழுத்துக் காட்டினால் மாணவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. “இழுத்தால் என்ன ஆகும்?” என்று முதலில் கேட்டு, அவர்கள் சொல்லும் விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு மாணவியை அழைத்து இழுக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் சிந்திக்கத் தொடங்கும். திரையில் கண்டது நிரூபணம் ஆகாது என்பதால், இணைகோடு வரைந்து நிறுவும் வேலை அடுத்து வரவேண்டும். எதை எப்போது செய்வது என்னும் இந்தத் தெளிவே பயிற்சியின் பயன்.

பிற்கால வளர்ச்சி

2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள், அனிமேஷன், மலையாளக் கணிமை முதலியவற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கின்றன. கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் நடத்தப்பட்டன. 2024இல் ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குறித்த மூன்று நாள் பயிற்சி தொடங்கியது.

மதிப்பீடு

கருவி வாங்க அவ்வப்போது நிதி ஒதுக்கினால் போதும். ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது ஆண்டுதோறும் தொடர வேண்டிய பணி. கருவிகள் பெருமளவில் வகுப்பறைக்கு வருமுன்பே ஆசிரியர்களைப் பழக்கத் தொடங்கியதும், அப்பயிற்சியை ஆசிரியர்களின் கையிலேயே ஒப்படைத்ததும் கேரளத்திடமிருந்து பிற மாநிலங்கள் கற்கவேண்டிய பாடங்கள்.