ஐஸ் வைத்த காலோடு மைதானத்துக்குத் திரும்பலாமா?

கற்பிட்டியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் வாடிகளுக்கு ஐஸ் கட்டி வந்து இறங்கியபடியே இருக்கும். அதில் கொஞ்சம் மாலை நேரத்தில் மைதானத்துக்கும் வந்துவிடும். உதைபந்தாட்டப் போட்டி நடந்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு ரெஜிபோம் பெட்டியைக் காணலாம். யாராவது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஐஸை உடைத்து, துணியில் சுற்றி, காலில் வைத்து அழுத்துவார்கள். பத்து நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போகும்.

"இப்ப நோவுதா மச்சான்?"

"இல்ல."

"அப்ப இறங்கு."

இந்த உரையாடலை நான் பல மைதானங்களில் கேட்டிருக்கிறேன். நோவு போய்விட்டது சரி. ஆனால், தான் எங்கே இருக்கிறேன் என்பது அந்தக் காலுக்குத் தெரிகிறதா?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். பார்க்காமலேயே அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இதை மூட்டு நிலை உணர்வு என்று சொல்லலாம். உடல் தன்னைத்தானே அறியும் இந்தப் புலனுக்கு ஆங்கிலேய உடலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906இல் தனிப் பெயர் வைத்தார். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய கதிர் வடிவ உறுப்புகளே இதற்கு முக்கிய ஆதாரம். தசை நீள்வதையும் சுருங்குவதையும் அவை மூளைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள இணையங்களிலும் தோலிலும் உள்ள உணரிகள் அவற்றுக்குத் துணை.

ஓடும்போது பாதம் மணல் மேட்டில் சரிந்தால் கண் பார்த்துச் சொல்லும்வரை கால் காத்திருக்க முடியாது. கடற்கரை மைதானம் எவ்வளவு சமனானது என்பது அதில் விளையாடியவர்களுக்குத் தெரியும்.

குளிர் இந்தச் செய்திப் போக்குவரத்தை மெதுவாக்குகிறது. கணுக்காலின் தோல் வெப்பநிலையை 10 பாகை செல்சியஸ்வரை இறக்கிச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அதில் நரம்பின் கடத்தும் வேகம் சுமார் 33 வீதம் குறைந்தது. நோவைத் தாங்கும் அளவு கூடியது. நோவு குறைவதும் செய்தி தாமதிப்பதும் ஒரே குளிரின் இரண்டு விளைவுகள்.

அப்படியென்றால் ஐஸ் வைத்தால் நிலை உணர்வு கெட்டுவிடும் என்று முடித்துவிடலாமா? ஆய்வுகள் அப்படி ஒரே குரலில் பேசவில்லை. ஆய்வுகூடத்தில் இதை அளக்கும் முறை எளிது. வீரரின் கண்ணைக் கட்டி, அவரது முழங்காலை ஒரு கோணத்தில் நிறுத்தி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அதே கோணத்துக்கு அவரையே திரும்பக் கொண்டுபோகச் சொல்வார்கள். எத்தனை பாகை தவறுகிறார் என்பதே அளவு. ஜப்பானில் ஆரோக்கியமானவர்களின் முழங்காலை 15 நிமிடம் குளிரூட்டிச் செய்த ஆய்வொன்றில் தவறு சராசரியாக 1.7 பாகை கூடியது, மூட்டும் விறைத்திருந்தது. கணுக்காலை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திச் செய்த வேறோர் ஆய்வில் வித்தியாசம் அரைப் பாகை அளவுதான். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கொஸ்டெலோவும் டொனெலியும் இத்தகைய ஏழு ஆய்வுகளை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் பாதிப்பு இருந்தது, நான்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஐஸ் வைத்த கையோடு வீரரைத் திரும்ப இறக்குவதில் எச்சரிக்கை தேவை என்றே அவர்கள் எழுதினார்கள்.

இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம், எதைக் குளிரூட்டுகிறோம் என்பதாக இருக்கலாம். கணுக்காலை அசைக்கும் தசைகளின் சதைப்பகுதி கணுக்காலில் இல்லை. அது மேலே, கெண்டைக்காலிலும் அதன் முன்புறத்திலும் வெளிப்புறத்திலும் இருக்கிறது. கணுவில் மட்டும் ஐஸ் பொட்டலம் வைத்தால் தோலும் இணையங்களும் குளிரும், அந்தச் சதை அவ்வளவாகக் குளிராது. முழங்கால்வரை ஐஸ் வாளிக்குள் விட்டால் கதை வேறு. கொழுப்பின் தடிப்பு, நேரம் என்று வேறு காரணிகளும் உண்டு. இன்னொன்று, அந்த ஏழு ஆய்வுகளும் காயமில்லாதவர்களில் செய்யப்பட்டவை. மைதானத்தில் ஐஸ் வைப்பதோ ஏற்கெனவே சுளுக்கிய காலில். சுளுக்கே நிலை உணர்வைக் குலைக்கக்கூடியது.

நிலை உணர்வை விட்டுவிட்டாலும் ஐஸ் வைத்த உடனே விளையாடுவதற்கு எதிரான சான்று வேறு இருக்கிறது. 2012இல் 35 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பாய்வு, குளிரூட்டிய உடனே தசை வலுவும் பாயும் உயரமும் ஓட்ட வேகமும் பெரும்பாலும் குறைவதாகக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை 20 நிமிடத்துக்கு மேல் குளிரூட்டியவை. குறுகிய நேரம் வைப்பது, அதன்பின் படிப்படியாக உடலைச் சூடாக்கிய பிறகே இறங்குவது என்பதே அதன் ஆலோசனை. நமது மைதானத்தில் நடப்பது இதற்கு நேரெதிர்.

என் கருத்து இதுதான்: ஐஸ் மீது பழி போடத் தேவையில்லை. போட்டி முடிந்தபின் நோவைக் குறைக்க ஈரத் துணி சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைப்பது மலிவான, நல்ல உதவி. அதைத் திரும்ப இறங்குவதற்கான அனுமதிச் சீட்டாக்குவதுதான் பிழை. 'ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல்' என்ற நால்வழியை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாதலைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். நால்வழியில் முதலாவது ஓய்வு என்பதும் நம்மவர்களுக்கு மறந்துவிடுகிறது.

கற்பிட்டியிலிருந்து புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். எல்லாச் சுளுக்குக்கும் அங்கே ஓட முடியாது. எதற்கு ஓட வேண்டும் என்பதற்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் உருவான விதிகள் உதவும். அடிபட்டபின் நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ, பாதத்தின் வெளிப்புற நடு எலும்பையோ அழுத்தினால் நோகிறது என்றால் எக்ஸ்ரே தேவை. இதை ஐஸ் வைக்கும் முன்பே பார்க்க வேண்டும். மரத்துப்போன காலை அழுத்திப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

இந்தக் கரையில் விளையாடும் பல இளைஞர்களின் பெற்றோர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் இதை வாசிக்கும் பலரது வீட்டில் ஷெல் துண்டு ஏறிய காலோ, நரம்பு அறுந்து மரத்த பாதமோ உள்ள ஒருவர் இருப்பார். அவர்களுக்கு ஐஸ் விடயம் இன்னும் கவனமானது. உணர்ச்சியற்ற தோலில் குளிர் சுட்டாலும் உடல் எச்சரிக்காது. தோல் கருகியபின்தான் தெரியும். தழும்பு மூடிய இடத்திலும், செயற்கைக் கால் பொருத்தும் எஞ்சிய காற்பகுதியிலும், நீரிழிவால் மரத்த பாதத்திலும் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்காமல் ஐஸ் வைக்கக் கூடாது.

நிலை உணர்வைப் பயிற்சியால் மீட்கலாம், செலவுமில்லை. நோவும் வீக்கமும் தணிந்தபின், ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. அது இலகுவானதும் கண்ணை மூடி நிற்பது, பிறகு மணலில் நிற்பது, பிறகு நின்றபடி பந்தைப் பிடித்து எறிவது. இத்தகைய சமநிலைப் பயிற்சி மீண்டும் சுளுக்குவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பல வாரங்கள் செய்ய வேண்டும். விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.