இரண்டு ஒக்டோபர்கள்

சனிக்கிழமைகளில் எமது ஊர்த் தமிழ்ப் பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். கிழமை நாட்களில் மீன் தொழிற்சாலையில் வேலை. சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி, டெனிஷ் பள்ளியில் தான் படித்த 1943ஆம் ஆண்டுச் சம்பவத்தைத் தமிழில் விபரித்தாள். முடிவில், "சேர், யாழ்ப்பாணத்திலயும் முஸ்லிம் ஆக்களைக் கலைச்சவையாமே. அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் மழுப்பினேன். இக்கட்டுரை அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் அவள் சொன்ன கதை. 1940 ஏப்ரல் 9இல் நாசிப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. டெனிஷ் அரசாங்கம் பதவியில் இருந்தபடியே ஒத்துழைத்தது. ஆயினும் யூதருக்கெதிராகச் சட்டம் எதையும் இயற்றவில்லை. 1943 ஓகஸ்டில் அந்த ஒத்துழைப்பு முறிந்தது. அடுத்து யூதரை நாடுகடத்தும் திட்டம் வந்தபோது, டக்விட்ஸ் என்ற யேர்மன் அதிகாரி அதை டெனிஷ் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தார். செப்டெம்பர் 29 காலை, கொப்பன்ஹேகன் யூத ஆலயத்தில் மதகுரு மெல்கியோர் கூடியிருந்தோரை உடனே ஒளிந்துகொள்ளச் சொன்னார். வைத்தியசாலைகளும் தேவாலயங்களும் அயல்வீடுகளும் இடம்கொடுத்தன. பல்கலைக்கழகம் ஒரு வாரம் வகுப்புகளை நிறுத்தியது. 7,000க்கும் அதிகமானோர் படகுகளில் சுவீடனுக்குத் தப்பினர். பிடிபட்டுத் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 470 பேர்.

இதைக் கேட்டதும் எம்மவரில் ஒருசாரார் டெனிஷ்காரரின் மனிதாபிமானத்தைப் புகழ்வர். மறுசாரார், சுவீடன் கூப்பிடு தூரத்தில் இருந்தது, படகுக்காரர் காசு வாங்கினர் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மாணவருக்குச் சொல்லவேண்டிய பாடம் வேறிடத்தில் இருக்கிறது.

இதே நாட்டின் பொலிஸ், 1941 ஜூன் 22இல் தொடங்கி நூற்றுக்கணக்கான கொம்யூனிஸ்டுகளைக் கைதுசெய்தது. தானே முன்னர் தொகுத்து வைத்திருந்த பட்டியல்களும் அதற்குப் பயன்பட்டன. பாராளுமன்ற உறுப்பினருக்கு அரசியல் யாப்பு அளித்த பாதுகாப்பும் மீறப்பட்டது. இரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 22இல், பாராளுமன்றம் ஏகமனதாகச் சட்டமியற்றி நடந்ததைச் சட்டபூர்வமாக்கியது. கைதானவருள் 150 பேரை, யூதர் காப்பாற்றப்பட்ட அதே 1943 ஒக்டோபரில், யேர்மனியர் ஸ்ருட்கோவ் வதைமுகாமுக்குக் கொண்டுசென்றனர். நாடற்ற யூத அகதிகள் சிலரையும் போர்க்காலத்தில் டெனிஷ் அதிகாரிகளே யேர்மனியரிடம் திருப்பி அனுப்பியிருந்தனர். அதற்காக 2005இல் பிரதமர் றஸ்முசன் மன்னிப்புக் கேட்டார். அகதிகளாகிய எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, ஒரே சமூகம்தான் துணிந்தும் நின்றது, கீழ்ப்படிந்தும் நடந்தது. நாட்டின் யூதரைப் பலர் தம்மவராக எண்ணினர். கொம்யூனிஸ்டும் நாடற்ற அகதியும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். கீழ்ப்படிவு பயத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. யார் எங்கட ஆள் என்ற கோடு, உத்தரவு வருவதற்கு வெகு முன்பே மனதில் கீறப்பட்டுவிடுகிறது.

இனி யாழ்ப்பாணம். 1990இல் எனக்கு இருபத்துநாலு வயது. தற்காலிக உதவி விரிவுரையாளர். நாசி யேர்மனியும் எனது பாடத்தில் அடக்கம். வெர்சேய் உடன்படிக்கை, பணவீக்கம், ஹிட்லரின் எழுச்சி என்று பரீட்சைக்குரிய காரணிகளை ஒழுங்காகச் சொல்வேன். கதவைத் தட்டிய பொலிஸ்காரனைப் பற்றியோ, யன்னலைச் சாத்திக்கொண்ட அயலவனைப் பற்றியோ ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அம்மாதம் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. எனக்குக் காற்சட்டை தைத்துத்தந்த தையல்காரரைக் குடும்பத்துடன் தெருவில் கண்டேன். சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டேன். சில மாதங்களின் பின், முஸ்லிம் வீடொன்றிலிருந்து வந்ததெனத் தெரிந்தும் ஒரு புத்தக அலுமாரியை மலிவாக வாங்கினேன். வகுப்புகளில் அதே யேர்மனிக் குறிப்புகளையே தொடர்ந்து வாசித்தேன்.

பயம் இருந்ததா? இருந்தது. முதல் ஆண்டு செப்டெம்பர் 21இல்தான் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். டெனிஷ்காரர் எதிர்த்தது அந்நியனை, எம்முன் நின்றதோ எம்மவர் என்ற வாதத்தையும் ஏற்கிறேன். துவக்குக்கு முன் ஏன் நிற்கவில்லை என்று எவரையும் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் சைக்கிளைத் திருப்ப வைத்தது பயம் என்றால், அலுமாரியை வாங்க வைத்தது எது? கிழக்கில் ஊர்காவல் படையினர் தமிழரைக் கொன்ற செய்திகள் வரவர, யாழ்ப்பாணத்துத் தையல்காரனும் அதற்குப் பொறுப்பு என்ற பேச்சு எழுந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலில் அதே ஓகஸ்டில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டபோதும் அப்பேச்சு ஓயவில்லை. நானும் தலையாட்டினேன். கோடு அங்கே கீறப்பட்டது. என் கையாலும்தான்.

டென்மார்க் வந்தபின் என் தலைக்கு நேரே துவக்கில்லை. அப்படியிருந்தும் நீண்டகாலம் இதைப்பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. 1983ஐ ஆண்டுதோறும் நினைவுகூர்ந்த மண்டபங்களில் 1990 பற்றி எழுந்து பேசவுமில்லை. "இப்ப ஏன் அதை?" என்று கேட்ட நண்பர்களிடம் மறுபேச்சுப் பேசவில்லை. இதற்குப் பயத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஐக்மன் விசாரணை பற்றிய தனது 1963ஆம் ஆண்டு நூலில், டென்மார்க்கின் கதை அரசியல் விஞ்ஞான மாணவருக்குக் கட்டாய பாடமாக வேண்டுமென்று ஹன்னா ஆரென்ட் எழுதினார். நல்லது. ஆனால் அதைமட்டும் கற்பித்தால் எமது பிள்ளைகள் கொடுமையை யேர்மனியரிடமும் துணிவை டெனிஷ்காரரிடமும் விட்டுவிட்டு வீடு திரும்புவர். 1943 ஒக்டோபருக்குப் பக்கத்தில் 1990 ஒக்டோபரையும் வைத்தே கற்பிக்கவேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் வெறுத்துப்போகும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். பொய்யான மௌனத்தை அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு அந்த மாணவியின் கேள்வியே சாட்சி.

மறுப்புள்ள நண்பர்கள் இப்பக்கங்களில் எழுதட்டும். அவளுக்கு நான் இனித் தாமதிக்காமல் பதில் சொல்லவேண்டும். அந்த அலுமாரியிலிருந்து தொடங்க உத்தேசம்.