சல்லிக்காசு பெறாதது

ஒரு பொருளையோ மனிதனையோ எதற்கும் உதவாதென்று ஒதுக்கித் தள்ள முற்படும்போது தமிழர் வாயில் முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு நாணயத்தின் பெயர்தான். ‘சல்லிக்காசுக்குப் பிரயோசனமில்லை’, ‘தம்பிடி பெறாது’, ‘காலணாவுக்கு லாயக்கில்லை’ என்று இன்று ஏசுகிறவர்களில் பலர் அந்த நாணயங்களைக் கண்ணால் கண்டதுமில்லை. அவையும் ஒரு காலத்தில் கடைத்தெருவில் மரியாதையோடு புழங்கியவையே.

சென்னையில் கும்பினியார் கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இவ்வளவு அற்பமான காசுக்கும் கப்பல் ஏறும் யோகம் வாய்த்திருந்தது. பர்மிங்காமில் 1808-ஆம் ஆண்டு முத்திரையோடு அச்சடிக்கப்பட்ட பத்துக்காசு, இருபதுகாசுச் செப்பு நாணயங்களைச் சுமந்துகொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையையே தாண்டாமல் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போயிற்று. சல்லியின் கதையும் இத்தகையதே: மாட்டின் கொம்பில் முடிந்த சல்லிக்காசு முடிப்புக்காக உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்தவர்களால்தான் சல்லிக்கட்டுக்கு அப்பெயர் வந்தது என்பர்.

பின்னர் ரூபாய்க் கணக்கு வேரூன்றியபோது ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்றாகி, ரூபாயில் 192-இல் ஒரு பங்காகத் தம்பிடி கடைசிப் படியில் வந்து நின்றது. மூன்று தம்பிடி கொண்ட காலணாவுக்கோ யுத்தகாலத்தில் வேறொரு சோதனை நேர்ந்தது. உலோகத் தட்டுப்பாட்டினால் 1943 முதல் அதன் நடுவயிற்றைத் துளைத்தே அச்சிட்டார்கள். ‘ஓட்டைக் காலணா’ என்ற ஏளனம் அதன் பயன்.

‘செல்லாக்காசு’ என்பதை இவற்றோடு சேர்த்து எண்ணுவது தவறு. சல்லி சிறிதாயினும் செல்லும். செல்லாக்காசோ பார்வைக்கு எவ்வளவு பெரிதாயினும், சராப்புக்கடைக்காரர் விரலால் சுண்டிக் காதருகே ஓசை கேட்டு, கள்ள நாணயமென்று கண்டு உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தந்துவிட்ட சரக்கு. ஆதலால் பதவியிழந்த பிரமுகரைச் செல்லாக்காசு என்பது பொருந்தும். சல்லிக்காசு என்பது பொருந்தாது. பழைய வசவுகளில் இத்தனை நுட்பம் இருந்தது.

கடல் கடந்த இலங்கையில் சல்லிக்கு நேர்ந்த கதியே வேறு. அங்கே பணம் முழுவதற்குமே சல்லி என்று பெயர். எனவே இழித்துரைக்கும் வேலை, 1872-இல் ரூபாயை நூறாகப் பகுத்தபோது வழக்குக்கு வந்த சதத்தின் தலையில் விழுந்து, ‘ஐஞ்சு சதத்துக்கும் உதவாது’ என்றாயிற்று.

நம் நாட்டில் 1957 ஏப்ரல் முதல் தேதி அணாவும் தம்பிடியும் விடைபெற்று நயா பைசா வந்தது. புதிய கணக்கில் ஒரு தம்பிடி அரை நயா பைசாவுக்குச் சற்றே அதிகம். அதற்கு நாணயமே இல்லை. ஆயினும் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ‘நயா பைசா பெறாதவன்’ என்று புதுக்காசையும் ஜனங்கள் வசவில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடைமொழியை ராஜாங்கம் நீக்கியது. திட்டுகிறவர்கள் இன்னும் நீக்கவில்லை.