தப்புக் கணக்கு, சரியான விடை: ரத்தத் துளி சொன்ன ரகசியம்

லேபில் ரத்தம் கொடுத்தவர்கள் கவனித்திருப்பார்கள். குத்துவது ஒரே ஊசிதான். ஆனால் ரத்தம் மட்டும் மூன்று நான்கு ட்யூபுகளில் பிரிந்து போகும். ஊதா மூடி ஒன்று, சாம்பல் மூடி ஒன்று, சிவப்போ மஞ்சளோ இன்னொன்று. எடுப்பவர் ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவார். இருமல் மருந்து பாட்டிலைப் போலக் குலுக்க மாட்டார். எதற்கு இத்தனை பக்குவம்?

ட்யூபுக்குள் போனது வெறும் சிவப்புத் தண்ணீர் அல்ல என்பதுதான் காரணம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. உடலை விட்டு வந்த பிறகும் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்கு உள்ளே ஒரு உலகம், வெளியே வேறு ஒரு உலகம். அந்தச் சவ்வு கிழிந்தால் டாக்டர் கைக்குப் போகும் ரிப்போர்ட்டும் தப்பாகிவிடும்.

கண்ணுக்கே தெரியாத அந்தச் சவ்வு எதனால் ஆனது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதையின் நடுவில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு அது நன்றாகவே புரியும்!

துணி வியாபாரியும் உப்புத் தண்ணீரும்

ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஆண்டன் வான் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். தானே லென்ஸ் தேய்த்துக் கிடைத்ததையெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1674-ல் மனித ரத்தத்தைப் பார்த்து, அதில் சின்னச் சின்ன உருண்டைகள் மிதப்பதாக எழுதினார்.

அவை உருண்டை அல்ல, தட்டையானவை என்று சொன்னவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஹியூசன். ஆண்டு 1773. ரத்தத்தில் நல்ல தண்ணீரைக் கலந்தால் தட்டையாக இருந்த அணுக்கள் உப்பிப் பந்து போல ஆகின்றன, பிறகு கரைந்து மறைகின்றன. அளவாக உப்பு சேர்த்தால் வடிவம் மாறாமல் இருக்கின்றன என்பதை அவர் பார்த்தார். அப்படியென்றால் அது கெட்டியான துகள் அல்ல. ஏதோ ஒரு பை! 1774-ல், உடலை அறுத்து ஆராயும்போது ஏற்பட்ட காயத்தில் சீழ் பிடித்து ஹியூசன் இறந்தார். வயது 34தான்.

சுமார் நூறு வருஷம் கழித்து, 1880களில், ஹாலந்தின் ஹாம்பர்கர் என்பவர் எவ்வளவு உப்பு இருந்தால் சிவப்பணு சுருங்காமலும் உப்பாமலும் இருக்கும் என்று அளந்து பார்த்தார். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9 சதவீத சலைன் பாட்டிலின் கணக்கு அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான்.

குளத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய்

சரி, பை இருக்கிறது. பையின் துணி எது? 1890களில் ஓவர்ட்டன் என்ற ஆராய்ச்சியாளர் செடிகளின் செல்களில் நூற்றுக்கணக்கான பொருட்களைச் சோதித்தார். கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருட்கள் செல்லுக்குள் சீக்கிரம் நுழைந்தன. மற்றவை வாசலிலேயே நின்றன. எனவே செல்லின் வெளிச்சுவரில் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

எவ்வளவு கொழுப்பு? இதற்குப் பதில் சொல்ல உதவியது வேறு ஒரு சோதனை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் தங்கியிருந்தபோது கிளாப்ஹாம் என்ற இடத்தில் உள்ள குளத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவி சுமார் அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது! 1774-ல் இந்தச் செய்தி அச்சில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. பிராங்க்ளின் வருஷக்கணக்கில் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் மகளைத்தான் மேலே சொன்ன ஹியூசன் திருமணம் செய்திருந்தார். சிவப்பணுவைப் பார்த்தவரும் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இன்னும் 150 வருஷம் தேவைப்பட்டது.

நடுவில் 1917-ல் இர்விங் லாங்மூர் என்ற விஞ்ஞானி ஒரு தட்டையான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் கொழுப்பைப் பரப்பி, அந்தப் படலம் ஒரே ஒரு மூலக்கூறு கனம்தான் இருக்கும் என்று காட்டினார். தலைப்பக்கம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வால்பக்கம் தண்ணீரை வெறுத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

1925: லைடன் நகரத்துக் கணக்கு

ஹாலந்தின் லைடன் நகரில் எவர்ட் கார்ட்டர் ஒரு குழந்தை நல மருத்துவர். அவரும் கிரெண்டல் என்பவரும் போட்ட கணக்கு மிக எளிது.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். மனிதன், நாய், முயல், ஆடு என்று பல ரத்தங்கள். அதில் எத்தனை சிவப்பணுக்கள் என்று எண்ணினார்கள். ஒரு அணுவின் மேற்பரப்பை அளந்து எண்ணிக்கையால் பெருக்கினார்கள். இது கணக்கின் ஒரு பக்கம். பிறகு அதே அணுக்களிலிருந்து அசிட்டோன் மூலம் கொழுப்பைப் பிரித்தெடுத்து, லாங்மூர் வழியில் தண்ணீர்மேல் பரப்பி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்தார்கள். இது மறுபக்கம்.

எதற்குச் சிவப்பணு? முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. உள்ளே வேறு சவ்வுகளும் கிடையாது. எனவே கிடைக்கும் கொழுப்பு அவ்வளவும் வெளிச்சவ்வின் கணக்கில்தான் வரும். வேறு எந்த செல்லிலும் இந்த வசதி இல்லை.

விடை என்ன வந்தது தெரியுமா? கொழுப்பு அடைத்த இடம் அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அப்படியென்றால் சவ்வு ஒற்றை அடுக்கு அல்ல, இரட்டை அடுக்கு. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்பதால் தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்கின்றன. இன்று பள்ளிப் புத்தகங்களில் இருக்கும் செல் சவ்வுப் படத்தின் அடிப்படை இதுதான்.

டேலி ஆன கணக்கு

இப்போதுதான் திருப்பம். 1966-ல் பார், டீமர், கார்ன்வெல் என்ற மூவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது இரண்டு தப்புகள் தெரிந்தன. ஒன்று, அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை. கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு, காய்ந்துபோன அணுக்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகவே கணக்கில் வந்திருந்தது. சுமார் 140 சதுர மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 100-தான் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கமும் குறைவு, அந்தப் பக்கமும் குறைவு. விகிதம் மட்டும் பழையபடி இரண்டு!

கணக்குப்பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழைகள் என்று பெயர். பற்றில் ஒரு தப்பு, வரவில் அதே அளவு இன்னொரு தப்பு. இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். ஆனால் ஏடு சரி என்று அர்த்தம் இல்லை. கார்ட்டர், கிரெண்டல் விஷயத்தில் அதிர்ஷ்டம் அவர்கள் பக்கம் இருந்தது. இரட்டை அடுக்கு என்ற முடிவு உண்மையாகவே இருந்துவிட்டது. ஆனாலும் கணக்கு கச்சிதமாக முடிந்ததில் ஒரு விஷயம் மறைந்து போனது. சவ்வின் பரப்பு முழுக்கக் கொழுப்பு இல்லை. நடுநடுவே புரதங்களும் இடம் பிடித்திருக்கின்றன. 1972-ல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் வெளியிட்ட மாதிரியில்தான் கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கும் இன்றைய படம் முழுமை பெற்றது.

சுவரில் இருக்கும் கதவுகள்

அந்தப் புரதங்கள்தான் கதவுகள். 1941-ல் ஹாரிஸ் என்பவர் குளிரில் வைத்த சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிவதையும், சூடாக்கி குளுக்கோஸ் கொடுத்தால் திரும்ப உள்ளே போவதையும் காட்டினார். சர்க்கரை என்ற எரிபொருளில் ஓடும் ஏதோ ஒரு பம்ப் இருக்கிறது என்று அர்த்தம். 1957-ல் டென்மார்க்கின் ஸ்கூ நண்டின் நரம்பில் அந்தப் பம்ப்பைக் கண்டார். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் அது. 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீருக்கும் தனிக் கதவு உண்டு. அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரே சிவப்பணுக்களில் ஆர்எச் புரதத்தைத் தேடும்போது அழையா விருந்தாளியாக ஒரு சின்னப் புரதம் கூடவே வந்தது. 1992-ல் அதைத் தவளை முட்டையில் உருவாக்கித் தண்ணீரில் போட்டபோது முட்டை உப்பி வெடித்தது! ஹியூசன் பார்த்த அதே உப்பல்தான். இவருக்கு 2003-ல் நோபல் பரிசு.

மறுபடியும் லேபுக்கு

இப்போது ட்யூபுகளின் ரகசியம் புரியும். சிவப்பணு ட்யூபிலும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி ட்யூபில் ஃப்ளூரைடு. ஊதா மூடியில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ. அது பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு என்பதால் அதன் ஒரு துளிகூட வேறு ட்யூபில் கலக்கக் கூடாது. ட்யூபுகளுக்கு வரிசை வைத்திருப்பதும் அதனால்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பொட்டாசியம். ரத்த நீரில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். சிவப்பணுவுக்குள் அதைப் போல இருபது மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, ட்யூபைக் குலுக்கினாலோ சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டும். பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் பம்ப் தளர்ந்து அது கசிந்து வரும். சரியாக இருப்பவருக்கும் ரிப்போர்ட்டில் அளவு ஏறித் தெரியும்.

ஏறித் தெரிந்தாலாவது டாக்டர் சந்தேகப்பட்டு இன்னொரு முறை எடுக்கச் சொல்வார். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் நிஜமாகவே குறைந்துபோன ஒரு நோயாளி. ரத்தம் எடுத்ததில் அணுக்கள் உடைந்து கொஞ்சம் கூடிவிட்டது. ரிப்போர்ட்டில் வருவது நார்மல்! இங்கேயும் இரண்டு பக்கமும் தப்பு, கணக்கு மட்டும் டேலி. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். 1925-ல் லைடன் நகரத்து டாக்டருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இந்த நோயாளிக்குக் கிடைக்காது.

அதனால்தான் ரத்தம் எடுப்பவர் ட்யூபை அவ்வளவு பொறுமையாகக் கவிழ்க்கிறார். அடுத்த முறை அவர் அப்படிச் செய்யும்போது "சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்தாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.