தங்காள் கண்ட கனவு

என் அம்மாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அண்ணமார் சாமி கதை முழுவதும் மனப்பாடம். இராசிபுரத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை தெரியும் தூரத்தில் அவர்கள் ஊர். நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, அறுவடை முடிந்த களத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து உடுக்கடிப் பாட்டு நடக்கும். உடுக்கடிக்கிறவர் ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூப்பிடும் வரை போகும். நாங்கள் கோணிச்சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்போம்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் வெகுகாலம் பிள்ளையில்லை. தாமரை தவமிருந்து பெற்ற பிள்ளைகள் பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி என்கிற தங்காள். பெரியவர் பொறுமைசாலி, சின்னவர் வாளெடுத்தால் நிற்க மாட்டார். தங்காளுக்கு வாய்த்த வரம் வேறு. நடக்கப் போவது அவளுக்குக் கனவில் தெரியும். கிளி ஒன்றுக்காக வேட்டுவரோடு பகை மூள்கிறது. கொம்பன் என்கிற பன்றி வருகிறது. அண்ணன்மார் சாகப் போவதைத் தங்காள் முன்பே கனவில் கண்டுவிடுகிறாள். ஆனாலும் அவர்கள் புறப்பட்டுப் போகிறார்கள், மாண்டு போகிறார்கள். காட்டில் அழுதுகொண்டே தேடிப்போய் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

அந்தப் படுகள ராத்திரியில் அம்மாயி மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய தம்பி இளவயதில் கிணற்றில் விழுந்து இறந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் நான் கேட்டேன்: "முன்னாலயே தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாமே அம்மாயி?"

"தெரியறது வேற, தடுக்கறது வேற கண்ணு" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாட்டுக்குத் தீவனம் போடச் சொல்வது போலச் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தடித்த நாவல்களைப் படிக்க எனக்கு நேரம் கிடைத்தது. கொலம்பியா நாட்டு எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் 1967இல் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழில் வந்திருக்கிறது. அதில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே வானத்துக்குப் போய்விடுகிறாள். இதை மாய யதார்த்தம் என்கிறார்கள். எனக்கோ பழகிய குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. காரணமும் தெரிந்தது. தன் பாட்டி முகம் மாறாமல் அதிசயங்களைச் சொன்ன விதத்தில்தான் அந்த நாவலை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நாவலில் வெறும் அதிசயம் மட்டும் இல்லை. 1928இல் அந்த நாட்டில் வாழைத்தோட்டத் தொழிலாளர்களைப் பட்டாளம் சுட்டுக் கொன்றது. நாவலில் அந்தச் சாவைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்வதை ஊரில் யாரும் நம்புவதில்லை. சல்மான் ருஷ்டி 1981இல் எழுதிய 'நள்ளிரவின் குழந்தைகள்' நாவலிலும் இப்படித்தான். சுதந்திரம் வந்த நடு இரவில் பிறந்த 1001 குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு வரம். நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த வரம் அவர்களிடமிருந்து பறிக்கப்படுகிறது. நம் நாமக்கல் மாவட்டத்துக்காரர் பெருமாள்முருகன் 2016இல் எழுதிய 'பூனாச்சி'யில் ஒரு வெள்ளாடு ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும். அந்த ஆட்டுக்கும் காது குத்த அரசாங்க வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

வரம் பெற்றவர்கள் யாரும் வரத்தால் பிழைக்கவில்லை. பட்டயத்திலும் கல்வெட்டிலும் ஏறாத ஒரு துயரத்தை ஊர் மறக்காமலிருக்க அந்த வரம் உதவியது, அவ்வளவுதான். அண்ணமார் கதையிலும் நான் இப்போது அதைத்தான் கேட்கிறேன். காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்களுக்கும், அந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கும் நடந்த சண்டை அது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் செத்திருப்பார்கள். அவர்கள் பெயரை எந்த ஏட்டிலும் தேட முடியாது. தங்காளின் அழுகை மட்டும் நமக்கு மிச்சம்.

அந்த அழுகையும் பிழைத்தது சிலரால்தான். 1965இல் பிரெண்டா பெக் என்கிற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பாடகர்கள் பாடப் பாட இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமாக்கினார். கவிஞர் சக்திக்கனல் ஏட்டிலிருந்து பதிப்பித்தார். கலைஞர் 'பொன்னர்–சங்கர்' என்று நாவலாக்கினார். 2011இல் அது பிரசாந்த் நடித்த சினிமாவாகவும் வந்தது.

என் பங்குக்கு நான் என்ன செய்தேன்? 1984இல் சேலத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். அப்போது எங்கள் ஊர் உடுக்கைக்காரர் உயிரோடு இருந்தார், குரலும் இருந்தது. அம்மாயியும் இருந்தார். நானோ சினிமாப் பாட்டுகளாகப் பதிவு செய்து கேசட் கேசட்டாக அடுக்கினேன். ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. சில வருஷங்களில் இரண்டு பேருமே போய்விட்டார்கள். உடுக்கைக்காரரின் மகன் லாரி ஓட்டுகிறார். அப்பன் பாட்டில் நான்கு வரிதான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

போன மாசியில் என் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். அம்மாயி சொன்ன பதிலையே சொன்னேன். முகம் மாறாமல்தான் சொல்ல நினைத்தேன். குரல் ஒத்துழைக்கவில்லை.

உங்கள் ஊரில் இந்தக் கதையை முழுதாகப் பாடத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே போங்கள். செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பொங்கல் கழியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.